கழுவிவிட்ட வீடு

மேனாம்பேடு
12.6.2025, வியாழன்

அன்புள்ள அண்ணிக்கு,

கப்பலில் ஏறியாகிவிட்டதா? வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. போன் எடுக்காவிட்டால் மெயில் போடு, கப்பல் ஆபீசில் பார்த்துக்கொள்ளலாம் என்று போகும்போது சொன்னீர்கள். போட்டுவிட்டேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைப் பொத்தானை இழுத்துப் பார்க்கிறவளுக்கு மெயில் எழுத வருமா என்று அண்ணன் கிண்டல் செய்வான். வருகிறது என்று சொல்லுங்கள்.

நீங்கள் கார் ஏறும்போது நான் வாசலுக்கு வரவில்லை. அடுப்பில் பால் இருந்தது. பால்தான் காரணம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆபீசில் கொடுத்த பரிசு, இரண்டு பேருக்குத்தான் டிக்கெட், எனக்குத் தெரியும். தனியாகக் கட்டினால் மூன்றாவது ஆளுக்கும் இடம் உண்டு என்று அந்தத் தாளின் அடியில் போட்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை. கடலை நான் மெரினாவில் பார்த்திருக்கிறேன், போதும்.

கார் தெருமுனையைத் திரும்பியிருக்காது, தண்ணி லாரி வந்துவிட்டது. மோட்டார் ரிப்பேராகி நாம் எத்தனை நாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம்! வந்த ஆத்திரத்துக்கு எல்லாக் குடத்தையும் நிரப்பிவிட்டு, அண்ணனின் நாற்காலி, உங்கள் கட்டில் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டு, உள்ளறை தொடங்கி வாசல் வரைக்கும் ஃபினாயில் ஊற்றிக் கழுவிவிட்டேன். பிறகு தலைக்கு ஊற்றிக்கொண்டேன். வீடு கண்ணாடி மாதிரி இருக்கிறது. நீங்கள் திரும்பி வந்து குறை சொல்ல இடமில்லை.

தண்ணீர் வராந்தா வரைக்கும் வழிந்ததா, எதிர்வீட்டுப் பொன்னியம்மா கதவைத் திறந்தார். வழிகிற தண்ணீரையும் என் ஈரத்தலையையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சரசா, ஊட்ல யாரு?" என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றேன். "நான் அத்த கேக்கல" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கு வயதாகிவிட்டது.

அண்ணனை வெயிலில் அலைய விடாதீர்கள். திங்கட்கிழமை வந்துவிடுவீர்கள்தானே?

சரசா

*

கப்பலிலிருந்து, சென்னைத் துறைமுகம்
13.6.2025, வெள்ளி

சரசா,

கடலைப் பார்க்கத்தான் வந்தோம். இதுவரை துறைமுகத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நேற்று மாலை கிளம்ப வேண்டிய கப்பல் இன்னும் கிளம்பவில்லை. மணிக்கொரு தரம் ஒலிபெருக்கியில் ஓர் இனிமையான குரல் வந்து, சிறிய தாமதத்துக்கு வருந்துகிறோம், மேல்தளத்தில் பாட்டுப் போட்டி நடக்கிறது என்கிறது. கப்பலுக்குள் போனில் சிக்னல் எடுக்கவில்லை, தாமதத்துக்கு ஈடாக எல்லோருக்கும் மெயில் மட்டும் இலவசம். வரவேற்பறைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் ரேஷன் கடை மாதிரி வரிசை. அதில் நின்றுதான் உன் கடிதத்தைப் படித்தேன்.

படித்துவிட்டு எனக்குக் கை கால் ஓடவில்லை. உனக்குத் தெரியாதா? ஆட்கள் வெளியூர் கிளம்பினால், அவர்கள் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை யாரும் வீட்டைக் கூட்டக்கூட மாட்டார்கள். கிளம்பின கையோடு வீட்டைக் கழுவித் தலைக்குக் குளிப்பது ஒரே ஒரு புறப்பாட்டுக்குத்தான். பொன்னியம்மா என்ன கேட்டார் என்று உனக்கு நிஜமாகவே புரியவில்லையா?

நான் படித்தவள், கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள், இதையெல்லாம் பெரிதுபடுத்தக் கூடாது. உன் அண்ணனிடம் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் தோளுக்குப் பின்னால் நின்று அவரும் படித்துவிட்டார். விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ப சரசா பேஜாரு புடிச்சவ" என்றார். அப்புறம் கேபினுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து காலைத் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி துடைத்தார். என்னவென்று கேட்டேன். கால் ஈரமாகவே இருக்கிறதாம். நான் தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. அறையில் ஃபினாயில் வாடை அடிக்கிறது என்று சுத்தம் செய்கிற பையனைக் கூப்பிட்டுச் சண்டை போட்டார். எனக்கு எந்த வாடையும் வரவில்லை.

இதோ, சங்கு ஊதுகிறார்கள். கிளம்புகிறது போலிருக்கிறது. தயவுசெய்து இன்று மாலை ஒரு விளக்கு ஏற்றி வை.

பிரியா

*

மேனாம்பேடு
14.6.2025, சனி

அண்ணிக்கு,

சாங்கியம் பேசுவதற்கும் உங்கள் கம்பெனியில் சம்பளம் கொடுக்கிறார்களா? தண்ணீர் நேரம் பார்த்தா வருகிறது? வருகிற நேரத்தில்தானே கழுவ முடியும்? வீட்டை அழுக்காக வைத்திருந்தாலும் திட்டுவீர்கள், கழுவினாலும் திட்டுவீர்கள். நாத்தனார் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது.

சண்டையை ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்று எழுதுகிறேன். வீடு காயவில்லை.

மொட்டை மாடியில் காயப்போட்ட துணி அப்பளமாக விறைத்துக்கொண்டு வருகிறது, அப்படி ஒரு வெயில். உள்ளே மூன்று ஃபேனும் ஓடுகின்றன. வியாழக்கிழமை கழுவிய தரை இன்னும் இப்போதுதான் கழுவியதுபோல் இருக்கிறது. துடைத்தால் காய்கிறது, துணியைப் பிழிந்துவிட்டுத் திரும்பினால் ஈரம். குழாய் கசிகிறதோ என்று ஆனந்தனை வரச் சொன்னேன். நம் மோட்டாரைப் பிரித்துப் போட்டானே, அதே ஆள். சுவரெல்லாம் தட்டிப் பார்த்தான். மேல் வீட்டுக்குப் போய்வந்தான். "எங்கியும் லீக் இல்லக்கா. தண்ணி மேலேருந்தும் வர்ல, கீழேருந்தும் வர்ல" என்று சொல்லிவிட்டு, கூலி கூட வாங்காமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் போன பிறகு நாற்காலியை நகர்த்தலாம் என்று குனிந்தேன். வாசற்படியிலிருந்து அண்ணன் நாற்காலி வரைக்கும் கால் தடம் இருந்தது. உள்ளே வந்த தடம் மட்டும்தான், திரும்பிப் போன தடம் இல்லை. ஆனந்தன் காலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் இடது காலைப் பார்த்தேன். சுண்டுவிரல் இல்லை.

பாடியில் வேலை பார்த்த கம்பெனியில் அண்ணன் காலில் இரும்பு விழுந்து அந்த விரலை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் நான். அந்தக் காலை எனக்குத் தெரியும்.

எனக்குப் பயமில்லை. அண்ணன் நன்றாக இருக்கிறானா என்பதை மட்டும் உடனே எழுதுங்கள். விளக்கு ஏற்றினேன்.

சரசா

*

கப்பலிலிருந்து, நடுக்கடல்
15.6.2025, ஞாயிறு

சரசா,

நீ என்னைப் பயமுறுத்துவதற்காக எழுதுகிறாய் என்று நினைத்தேன். கூட்டிக்கொண்டு போகாத கோபத்தில் கால்தடக் கதை கட்டுகிறாய் என்று பதில் அடித்து வைத்திருந்தேன். அதை அழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இங்கே நிலைமை சொல்கிறேன். நேற்று இலங்கைக் கரை கண்ணுக்குத் தெரிந்தது. அலை அதிகம், துறைமுகத்துக்குள் போக முடியாது என்று கப்பலைத் திருப்பிவிட்டார்கள். இன்று விடியற்காலையில் இன்ஜின் நின்றுவிட்டது. ஏசி இல்லை, லிஃப்ட் இல்லை, கழிப்பறையில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது. வரவேற்பறைக்கு மட்டும் ஜெனரேட்டரில் கரண்ட் கொடுக்கிறார்கள். ஆவடிக் குடும்பம் ஒன்று தூக்கு நிறையப் புளிச்சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தது. முதல் நாள் எல்லோரும் அவர்களைப் பார்த்துச் சிரித்தோம், இன்று அவர்கள் கதவுக்கு வெளியே தட்டோடு நிற்கிறோம். பாட்டுப் போட்டி மட்டும் நிற்கவில்லை.

இதெல்லாம் பரவாயில்லை. உன் அண்ணன் நேற்று மத்தியானம் படுத்தவர் இன்று மத்தியானம்தான் எழுந்தார். எழுந்ததும், ஊருக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி, "ஊட்டுக்குப் போயி வந்தேன்" என்றார். கனவா என்று கேட்டேன். "சரசா என் நாற்காலிக்குக் கீழ பேப்பரு போட்டு வெச்சிகிறா. வரன் தேடுற பக்கம் மேலாக்க கீது" என்றார். நீ அப்படிப் போட்டிருக்கிறாயா? உன் கடிதத்தில் அப்படி ஏதும் இல்லை. நான் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன்.

இந்தப் புழுக்கத்தில் கப்பல் முழுக்க வியர்வையில் குளிக்கிறது. உன் அண்ணனுக்கு ஒரு சொட்டு வியர்க்கவில்லை. தோல் காகிதம்போலக் காய்ந்து கிடக்கிறது. உதடு வெடித்திருக்கிறது. எவ்வளவு தண்ணீர் கொடுத்தாலும் குடிக்கிறார், எங்கே போகிறது என்று தெரியவில்லை. கப்பல் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

அங்கே அந்த நாற்காலியில் எது வந்து உட்கார்ந்தாலும் அதனோடு பேசாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

பிரியா

*

மேனாம்பேடு
16.6.2025, திங்கள்

அண்ணி,

பேப்பர் போட்டிருக்கிறேன். ஈரம் மரத்தில் ஏறக் கூடாதென்று போட்டேன். வரன் பக்கம்தான் மேலே இருக்கிறது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் கடிதம் வருவதற்குள் நான் பேசிவிட்டேன்.

நேற்று சாப்பாட்டு வேளை. நான் அடுப்படியிலிருந்து தட்டோடு வருகிறேன், அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கிளம்பும்போது போட்டிருந்த நீலச்சட்டை. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தட்டைக் கீழே போடவில்லை. "எப்பண்ணா வந்த?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது? "சோறு கீதா?" என்றான். என் தட்டையே வைத்தேன். சாப்பிட்டான். கை வாய்க்குப் போனது, வந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து பார்த்தால் நாற்காலி காலி. தட்டில் சோறு போட்டது போட்டபடி இருந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தேன். உப்பில்லை, புளிப்பில்லை, காரமில்லை. வெறும் பஞ்சை மென்ற மாதிரி இருந்தது.

இன்றைக்கும் வந்தான். இன்று நிறையப் பேசினான். என்ன பேசினான் என்று எழுதினால் உங்களுக்கு வலிக்கும், ஆனாலும் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போய், நான் ஒரு பையோடு அண்ணன் வீட்டுப் படியேறினேனே, அன்று நான் வழியில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டான். பஸ்ஸில் அழுதேனா என்று கேட்டான். அண்ணி, நான் இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷமாகிறது. தண்ணி வந்துச்சா, கரண்டு பில் கட்டினியா என்பதைத் தவிர அண்ணன் என்னிடம் வேறு கேட்டதில்லை. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தான். காலடியில் ஈரம் குளமாகத் தேங்கியது. நான் அதில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொன்னியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு ஆள் தெரியவில்லை, நாற்காலி மட்டும்தான் தெரிகிறது. ஆனாலும் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "செத்தவனை அனுப்புறாப்ல அனுப்பிட்ட. அதான் திரும்பி வந்து குந்திகினு கீறான். உசுரோட கீறவனை எப்டி அனுப்புவாங்களோ அப்டி அனுப்பு, உடம்பாண்ட போய்ச் சேந்துடுவான்" என்றார். எத்தனை நாளைக்குள் என்று கேட்டேன். "அங்க உடம்பு தாங்குற வரிக்கும்" என்றார்.

பார்க்கலாம், அண்ணி. இன்னும் இரண்டொரு நாள் இருக்கட்டுமே. கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு அனுப்ப மனசு வரவில்லை.

சரசா

*

கப்பலிலிருந்து
17.6.2025, செவ்வாய்

சரசா,

இரண்டொரு நாள் இருக்கட்டும் என்கிறாய். இங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துதான் எழுதினாயா?

உன் அண்ணன் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. நாடி எங்கோ ஆழத்தில் ஓடுகிறது, டாக்டர் வெகுநேரம் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது அவரும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வதில்லை. கரைக்குப் போனதும் முதலில் இவரை இறக்கிவிடலாம் என்கிறார். கரை எங்கே இருக்கிறது? இழுத்துப்போக வேறொரு கப்பல் வருகிறது என்று நேற்றிலிருந்து சொல்கிறார்கள். சுற்றிலும் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. பாட்டுப் போட்டியும் நின்றுவிட்டது. ஆவடிக்காரர்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து முருகன் பாட்டுப் பாடுகிறார்கள். எல்லோரும் அவர்களோடு போய் உட்கார்ந்திருக்கிறோம்.

இன்று காலையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். "சரசா தனியா கீறா" என்றார்.

எனக்கு அவர் வேண்டும், சரசா. நான் நல்ல அண்ணியாக இருந்ததில்லை, தெரியும். ஆபீஸ் விட்டு வந்து உன் கையால் காபி வாங்கிக் குடிப்பேன், உட்கார் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதற்கு நீ என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடு. இதை மட்டும் செய்யாதே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சொல்லவே கூடாது என்று இருந்தேன். உன்னிடமிருந்து அவரைப் பிடுங்குவதற்கு என் கையில் வேறு எதுவும் இல்லை, அதனால் சொல்கிறேன். மூன்றாவது டிக்கெட்டுக்கு நான் உன் பேரைக் கொடுத்து வைத்திருந்தேன். உனக்கு ஒரு சுரிதார்கூட எடுத்து வைத்திருந்தேன், என் அலமாரியில் இருக்கிறது. வேண்டாம் என்று எடுத்துவிடச் சொன்னவர் உன் அண்ணன். "அவ வந்தா ஊட்ட யாரு பாத்துப்பா? போட்டோ புடிக்கிற எடத்துலல்லாம் நடுவுல வந்து நிப்பா" என்றார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து உன் கதை கேட்கிறவரும் அதே ஆள்தான். நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். அனுப்பிவிடு.

பிரியா

*

மேனாம்பேடு
19.6.2025, வியாழன்

அண்ணி,

அலமாரியைத் திறந்து பார்த்தேன். மயில் கழுத்து நிறம். எனக்குப் பிடித்த நிறம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

நேற்று அண்ணன் வந்து உட்கார்ந்ததும் உங்கள் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரி விடவில்லை. படித்து முடித்து, "நீயாண்ணா வேணான்ன?" என்று கேட்டேன். பொய் சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன், சொல்லட்டும் என்றும் ஆசைப்பட்டேன். "ஆமா" என்றான்.

அண்ணி, எனக்கு வந்த அழுகை உங்களுக்குக் கப்பலிலேயே கேட்டிருக்கும். நாற்காலியை உதைத்தேன். போ, எழுந்து போ என்று கத்தினேன். அவன் அசையவில்லை. சொட்டிக்கொண்டே இருந்தான். அழுது முடித்துவிட்டு யோசித்தேன். திட்டி அனுப்பினால் அதுவும் முறையான வழியனுப்பல் இல்லை. அன்றைக்குப் பண்ணின தப்பையே மறுபடி பண்ணக் கூடாது.

முகம் கழுவி வந்தேன். திருநீறு எடுத்து அவன் நெற்றியில் வைத்தேன். விரல் குளிர்ந்துபோனது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். வலது காலை முன்னால் வை என்றேன், வைத்தான். பொன்னியம்மாவிடம் முன்னமே சொல்லியிருந்தேன், அவர் நிறைகுடத்தோடு படியேறி எதிரே வந்தார். எதிரே யார் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை, நான் தலையசைத்ததும் பாவம் நடுங்கிக்கொண்டே வந்தார். பாதி குடம் அவர் புடவையில்தான்.

வாசற்படியில் நின்று அண்ணன் திரும்பிப் பார்த்தான். அவன் திரும்பிப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. "தப்புதான் சரசா. இப்ப வர்றியா?" என்று கேட்டான். "போய்ட்டு வாண்ணா" என்று சொன்னேன். படியிறங்கிப் போய்விட்டான்.

உள்ளே வந்தால் தரை காய்ந்துகொண்டிருந்தது. நாற்காலிக்கு அடியில் தொடங்கி, பின்னாலேயே ஒருவர் துடைத்துக்கொண்டு போவதுபோல் வாசல் வரைக்கும் காய்ந்தது. நான் எதையும் கூட்டவில்லை, கழுவவில்லை. அவன் தட்டு அப்படியே கிடக்கிறது. நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி வருகிறவரைக்கும் கிடக்கும்.

இன்று காலையில் பால் வாங்கக் கீழே போனேன். நம் வாட்ச்மேன் கிருபாகரன் என்னைப் பார்த்து, "இன்னாக்கா, நேத்து அண்ணாத்தே கூடப் போனீங்களே, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்று கேட்டான். நான் எங்கே போனேன் என்றேன். "நீங்கதாங்கா. அவரு கையப் புடிச்சிகினு கேட்டத் தாண்டினீங்க. சிரிச்சிகினே போனீங்க" என்றான். அந்த ஆள் காலையிலேயே போட்டுவிட்டு வந்திருப்பான்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். அவன் வர்றியா என்று கேட்டபோது நான் போய்ட்டு வா என்று வாயால் சொன்னேன். ஆனால் தலையை ஆட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன். அவனாகவே கேட்டான், அண்ணி. யாரும் சொல்லிக்கொடுக்காமல் கேட்டான்.

தூக்கம் தூக்கமாக வருகிறது. வேலைக்குப் போகவில்லை. கண்ணை மூடினால் தரை மெல்ல ஆடுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது. சுரிதாரைப் போட்டுப் பார்த்தேன், அளவு சரியாக இருக்கிறது. இதுவரை எழுதியதை அனுப்பிவிட்டு, அண்ணன் நாற்காலியில் கொஞ்ச நேரம் சாய்ந்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.

*

கப்பலிலிருந்து, சென்னைத் துறைமுகம்
20.6.2025, வெள்ளி

என் சரசாவுக்கு,

இதை நான் கம்ப்யூட்டரில் எழுதவில்லை. வரவேற்பறையில் ஒரு தாள் வாங்கி, மேல்தளத்துக் கம்பியருகில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத எழுத உரக்கப் படிக்கிறேன். பக்கத்தில் போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்தக் கப்பலில் இந்த வாரம் எல்லோருமே கொஞ்சம் பைத்தியம் பிடித்தவர்கள்தான், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

உன் அண்ணன் பிழைத்துவிட்டார். புதன்கிழமை சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து தயிர்சாதம் கேட்டார். நெற்றியில் வெள்ளையாக ஏதோ இருந்தது, நான் துடைக்கவில்லை. நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. கொஞ்ச நேரத்தில் இழுவைக் கப்பல் வந்தது. ஆவடிக்காரர்கள் கைதட்டினார்கள். நான் அழுதேன், உன் பேரைச் சொல்லித்தான் அழுதேன்.

உன் கடிதத்தை நேற்று படித்தேன். பாதியில் நிற்கிறது. மீதி வரும் என்று ராத்திரிவரைக்கும் அந்த வரிசையில் நின்றேன்.

இன்று கரை தெரிந்ததும் போனில் சிக்னல் வந்தது. உனக்குத்தான் முதலில் அடித்தேன். பொன்னியம்மா எடுத்தார். கதவு திறந்திருந்ததாம், நீ புதுத் துணி கட்டிக்கொண்டு அண்ணன் நாற்காலியில் சாய்ந்திருக்கிறாயாம். "கூப்ட்டா எய்ந்துக்கல. மூச்சு கீது. உடம்பு காய்ஞ்சி கெடக்குது. மூஞ்சி மட்டும் சிரிச்சிகினே கீதுமா" என்றார். ஆனந்தனை அனுப்பி டாக்டரைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறாராம். யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். தானே வாசலில் காவல் உட்கார்ந்திருப்பதாகப் பொன்னியம்மா சொன்னார்.

நேற்றிலிருந்தே உன் அண்ணன் இந்தக் கம்பியருகில்தான் நிற்கிறார். இடது பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நிற்கிறார். அந்த இடத்தில் தரை ஈரமாக இருக்கிறது. சின்னக் கால்கள், கடலைப் பார்த்து நிற்கின்றன. நான் துடைத்துப் பார்த்தேன், திரும்ப வந்துவிட்டது. அவர் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். அதோ அது மீன்பிடிப் படகு, அங்கே தெரியுது பார் கலங்கரை விளக்கம் என்று காட்டுகிறார். யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். சும்மா, வாய்விட்டுச் சொன்னேன் என்கிறார். இவ்வளவு பொறுமையாக என்னிடம்கூட அவர் பேசியதில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, சரசா. ஆனால் கோபம் வரவில்லை. ஆறு வருஷத்தில் ஒரே ஒரு தரம் உன்னை ஒருவர் வா என்று கூப்பிட்டார். நீ வந்துவிட்டாய். அவ்வளவுதான் நடந்தது.

கப்பல் நின்றுவிட்டது. பெட்டிகளோடு எல்லோரும் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தார். அப்புறம் குனிந்து அந்த ஈரத்தைத் தொட்டார். தொட்ட கையை எடுக்காமல் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். "சரசா, ஊட்டுக்குப் போலாம் வாம்மா" என்று சொல்கிறார். நீ திரும்பவில்லை. கால்கள் கடல் பக்கமே இருக்கின்றன.

வீட்டுக்கு வந்தால் மறுபடி தண்ணி லாரியும் மோட்டாரும் அடுப்படியும்தான் என்று நினைக்கிறாயா? நினைப்பதில் தப்பில்லை. வேறு மாதிரி இருக்கும் என்று நான் சொன்னால் நம்புவதற்கு நான் உனக்கு ஒன்றும் செய்ததில்லை. ஆனால் நாங்கள் உன்னை விட்டுவிட்டு இறங்கப் போவதில்லை, அதை மட்டும் நம்பு. இந்தத் தாள் தீர்ந்தால் இன்னொன்று வாங்கிக்கொண்டு வருவேன்.

கப்பல் சிப்பந்தி ஒருவன் கையில் பட்டியலோடு இரண்டாவது தரம் வந்துவிட்டான். எல்லோரும் இறங்கியாயிற்று, நீங்கள் இரண்டு பேர்தான் பாக்கி என்கிறான்.

மூன்று பேர் என்று சொல்லியிருக்கிறேன். வா, சரசா.

பிரியா